மாப்பிள்ளை இல்லாத ஓலை

காலியாக ஒரு கட்டத்தைக் கண்டால் நிரப்பாமல் இருக்க முடியாதவர்கள் சிலர் உண்டு. நான் அவர்களில் ஒருவன். கிராம நிர்வாக அலுவலராக இருபத்தாறு வருடம் அடங்கல் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவன். யார் வயலில் என்ன பயிர் என்று எழுதும் அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் வருடாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் கேள்வி வரும். அதற்காகப் பொய்யும் எழுதமாட்டேன். வரப்பில் நடந்து போய்ப் பார்த்துத்தான் எழுதுவேன். (வாழ்நாளில் நான் எழுதிய ஒரே பொய்க் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.)

நாலு வருடம் முன்பு, என் மனைவி ஜெசிந்தா, வெட்டாற்றங்கரையில் அவள் அப்பா கொடுத்த இரண்டு ஏக்கரில் வழக்கமான நெல்லை விட்டுவிட்டுத் தூயமல்லி என்ற பாரம்பரிய ரகம் போட்டாள். நன்றாக விளைந்தது. அரைத்து மூட்டை கட்டிக் கூடத்தில் அடுக்கினோம். அதற்குப் பிறகு அது அங்கேயே இருந்தது.

"குறுவைக்கு நாத்து விடறதுக்குள்ள இது போயாகணும். இல்லேன்னா அடுத்த வருஷம் எல்லாரையும் மாதிரி சாதா நெல்லுதான். இந்த ஆசையையே விட்டுடறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பயமில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஷாலினி, அரிசி விற்க ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்தாள். தளம் அழகாக இருந்தது. ஆள்தான் வரவில்லை. இணையத்தில் தூயமல்லி என்று தேடினால் நாங்கள் நாலாம் பக்கத்தில் வந்தோம்.

"நாலாம் பக்கம்னா பரவாயில்லையா?"

"உங்க ஆபீஸ் பழைய ரிக்கார்டு ரூம் மாதிரிப்பா. இருக்கும். யாரும் போகமாட்டாங்க."

முதல் பக்கத்தில் முதலாவதாக நின்றது திருத்துறைப்பூண்டியில் ரெஜினா என்ற அம்மாள் நடத்தும் அரிசிக் கடை. ஷாலினி எனக்கு வேலை கொடுத்தாள்: "போட்டிக் கடை சைட்டையெல்லாம் படிங்க. என்னென்ன பக்கம் வெச்சிருக்காங்க, எந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்காங்க, நம்மகிட்ட எது இல்லைன்னு குறிச்சுக் குடுங்க. அவ்வளவுதான்ப்பா, அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை.

அறுபது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். ஒன்பது தளங்கள், பதினாலு கட்டங்கள். தினமும் காலையில் எங்கள் தளம் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்றும் பதிவு செய்தேன். முதல் நாள் முப்பத்தேழு. மூன்றாம் நாள் பன்னிரண்டு. ஆறாம் நாள் ஒன்று! திருவையாறு போய் அரைக் கிலோ அசோகா அல்வா வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தேன். ஷாலினி தன் போனில் தேடிப் பார்த்தாள். முப்பத்தேழு.

"தினம் நாப்பது தடவை நீங்களே உள்ள போனா, உங்களுக்குப் பிடிச்ச கடைன்னு உங்க போன் மட்டும் மேல காட்டுதுப்பா. மத்தவங்களுக்கு அதே இடம்தான்."

(அசோகாவைத் திருப்பிக் கேட்க முடியாது.)

அந்த அவமானத்தில் வேலையை இன்னும் கறாராகச் செய்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியது, ஒன்றைத் தவிர: 'விசேஷத்துக்கு மொத்தமாகக் கேட்டால் என்ன சொல்கிறார்கள்?' ரெஜினா தளத்தில் அதற்குப் பதில் இல்லை. ஒரு விசாரணைப் படிவம்தான் இருந்தது. நட்சத்திரம் போட்ட கட்டங்களைக் கட்டாயம் நிரப்ப வேண்டும்.

நிரப்பினேன். நிகழ்ச்சி: திருமணம். வீட்டார்: அருளப்பன். மணமகள்: மரிய ஷாலினி. ஊர், பங்குக் கோவில், போன் நம்பர், எல்லாம் அசல். பொய்ப் பெயர் எழுதக் கை வரவில்லை. கல்யாணம் ஒன்றுதான் பொய்; மற்றபடி அது முழுக்க நேர்மையான படிவம். அடியில் இருபத்து மூன்று கேள்விகளை வரிசை எண் போட்டு இணைத்தேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அண்ணே, ரெஜினா பேசறேங்க. கல்யாண வீடா? ரொம்ப சந்தோஷம்ணே! எத்தனை பேரு?"

"அறுநூறு" என்றது என் வாய்.

"பிரியாணிக்குச் சீரகச் சம்பா வேணுமே. எங்கிட்ட மிச்சம் இருக்கறதே மூணு மூட்டைதான். இருங்க, யாருக்கும் குடுக்காம உங்களுக்கு எடுத்து வெச்சிடறேன்."

"முன்பணம் ஏதாவது..."

"பொண்ணு கல்யாணத்துக்கு என்னண்ணே முன்பணம்!"

பிறகு என் இருபத்து மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னார். எவ்வளவு தண்ணீர், எத்தனை நேரம் ஊற வேண்டும், பழைய அரிசியா புது அரிசியா, நூறு பேருக்கு எத்தனை கிலோ. ஒரு மணி நேரம். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். முடிவில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முதல் ஓலை என்னிக்கிண்ணே?"

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் ஓலை படிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. கேள்வி என்று வந்தால் பதில் காலியாக இருக்கக் கூடாது.

"வர்ற ஞாயித்துக்கிழமை" என்றேன்.

"அட! எங்க லூர்து அக்காவை உங்க பங்குலதான் கட்டிக் குடுத்திருக்கு. பாட்டுக் குழுவுல பாடும். காது குடுத்துக் கேக்கச் சொல்றேன்!"

நாட்குறிப்பு சொல்கிறது. வியாழன்: நாளை உண்மையைச் சொல்லிவிடலாம். வெள்ளி: நாளை சொல்லிவிடலாம். சனி: லூர்து அக்காவுக்குத் தொண்டை கட்டினால் பூசைக்கு வரமாட்டார்கள்.

தொண்டை கட்டவில்லை. அன்றைக்கென்று பார்த்து என்றும் இல்லாத அளவுக்கு ஓங்கிப் பாடினார்கள். பூசை முடிவில் சாமியார் அறிவிப்புகளைப் படித்து முடித்தார். ஓலை ஏதும் இல்லை. நான் மூச்சு விட்டேன். அப்போது ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலிருந்து லூர்து அக்கா எழுந்து போய் சாமியார் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள்.

சாமியார் மைக்கிலேயே படித்தார். "அருளப்பன் மகள் மரிய ஷாலினி... முதல் ஓலை விட்டுப்போச்சு சாமி..." நிமிர்ந்தார். "எங்கிட்ட ஒண்ணும் வரலையே. அருளப்பன், எழுந்திருங்க. மாப்பிள்ளை பேர் என்ன? எந்தப் பங்கு?"

எழுந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கட்டத்துக்கு என்னிடம் பதில் இல்லை. படிவத்தில் அதைக் கேட்கவே இல்லையே!

கோவில் மொத்தமும் பெண்கள் பக்கம் திரும்பியது. அங்கே ஜெசிந்தா ஜெபமாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பக்கத்தில் ஷாலினி மெதுவாக எழுந்து நின்றாள்.

"சாமி, தடை தெரிஞ்சவங்க சொல்லணும்தானே?"

"சொல்லும்மா."

"எனக்குத் தெரியும் சாமி. மாப்பிள்ளை இல்லை."

பாட்டுக் குழுதான் முதலில் சிரித்தது. பிறகு சாமியார். இறுதி ஆசீரைச் சிரிக்காமல் முடிக்க அவருக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஜெசிந்தா கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டினாள்.

"அந்தம்மா மூணு மூட்டையை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்காங்க. விக்காத அரிசி வீட்ல கெடந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அது மேல உக்காந்துதானே காபி குடிக்கறீங்க?"

நான் உட்கார்ந்திருந்த மூட்டையிலிருந்து எழுந்தேன். உடனே ரெஜினாவுக்குப் போன் போட்டேன். லூர்து அக்கா அதற்குள் சொல்லியிருந்தார்கள்.

"ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டேங்க" என்றார். 'அண்ணே' காணாமல் போயிருந்தது. "கடையில என்ன இருக்கு, என்ன வெலைன்னு நேராக் கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? இதுக்குப் பெத்த பொண்ணுக்கே கல்யாணக் கதை கட்டணுமா?"

ஜெசிந்தா போனை வாங்கினாள். "அக்கா, அவரு தப்பானவரு இல்ல. நோட்டுல ஒரு கட்டம் காலியா இருந்துச்சு. அதான்." ஒரு மூட்டையை நாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு பேச்சு எப்படியோ அரிசிக்குப் போனது.

"தூயமல்லியா?" என்ற ரெஜினாவின் குரல் போனைத் தாண்டி எனக்கே கேட்டது. "எங்கிட்ட போன மாசமே தீந்துபோச்சே. கேக்கறவங்களுக்கெல்லாம் இல்லேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்." பிறகு அவரே சொன்னார்: "ரெண்டு கிலோ குடுத்து விடுங்க. பொங்கிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். உங்க வீட்டுக்காரர் பேச்சை நம்பமாட்டேன்."

பொங்கிப் பார்த்தார். குறுவைக்கு நாற்று விடுவதற்கு எட்டு நாள் முன்பு எங்கள் கூடம் காலியானது. நான் பெருமூச்சோடு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தேன். ஜெசிந்தா இன்றுவரை தூயமல்லிதான் போடுகிறாள். சீரகச் சம்பா மூட்டை தீரும்வரை ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் பிரியாணி. (பாவத்துக்கு அபராதம் இவ்வளவு ருசியாக இருக்கக் கூடாது.)

சில மாதம் கழித்து ஷாலினி போனை நீட்டினாள். கல்யாணத்துக்கு எந்த அரிசி என்று தேடினால் முதலாவதாக ரெஜினாவின் தளம். அந்தப் பக்கத்தின் தலைப்பு: 'பெண்ணைப் பெற்ற ஓர் அப்பா கேட்ட இருபத்து மூன்று கேள்விகள்.' வரிசை எண்கூட மாறவில்லை. ஒன்பது தளங்களை அலசிப் போட்டியாளரை முதலிடத்துக்கு ஏற்றிய ஆய்வாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் 'தூயமல்லி விளைவது இங்கே' என்று எங்கள் தளத்துக்கு வழி காட்டியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு நாங்களும் ரிக்கார்டு ரூமிலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தோம்.

போன வருடம் ஷாலினிக்கு உண்மையாகவே கல்யாணம் நிச்சயமானது. சீரகச் சம்பா சொல்ல ரெஜினா தளத்துக்குப் போனேன். அதே விசாரணைப் படிவம். ஆனால் மணமகள் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம், நட்சத்திரம் போட்டு: 'மாப்பிள்ளை பெயர்.' அதை நிரப்பாமல் படிவம் போகாது, சோதித்துப் பார்த்துவிட்டேன். ஆரோக்கியராஜ் என்று கொட்டை எழுத்தில் அடித்து அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அண்ணே, ரொம்ப சந்தோஷம். ஆனா ஞாயித்துக்கிழமை ஓலை படிச்சாங்கன்னு எங்கக்கா சொன்னாத்தான் மூட்டையை எடுத்து வெப்பேன்."