பொடோனியில் ஒரு கல்யாணக் கார்டு

ஓஸ்வால்ட் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஃபாத்திமா ஒரு தேக்சா நிறையக் கிச்சடியோடு உள்ளே வந்தாள்.

"மூணு நாளைக்கு உங்க அடுப்பு எரியக்கூடாது, நோரா அக்கா. நான் இருக்கேன்," என்று அவர் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இன்னாத்துக்கும்மா?" என்றாள் நோரா.

"நேத்து கதவுக்கடியில கார்டு போட்டீங்களே! யாரு போயிட்டாங்க?"

"அது எங்க மௌரீன் கல்யாணக் கார்டு!"

ஃபாத்திமாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் அந்த எழுத்தை அடையாளம் தெரியாதவர் பிரேசர் டவுனில் இல்லை.

ஓஸ்வால்ட் அடுத்த தெரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர். அங்கே பொடோனி என்று ஓர் எழுத்து இருந்தது. நிற்கும் கோடு தூண்போலத் தடிமன். படுக்கும் கோடு தலைமுடிபோல மெல்லிசு. மகள் கல்யாணக் கார்டை அதில்தான் கோர்ப்பது என்பது அவருடைய இருபது வருஷ ஆசை. முதலாளி அதைச் சாவுக் கார்டுக்கு மட்டுமே எடுக்கச் சொல்வார் என்பது உறைக்கவேயில்லை. ஈய எழுத்தை இடவலம் மாறிப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அதன் அழகுதான் தெரிந்தது.

"மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?" என்றாள் நோரா.

"முந்தாநாளே. ஒக்கலிபுரத்துக்கு."

"அபசகுனம்னு நிறுத்திட்டாங்கன்னா? ஏற்கெனவே அந்தப் பிள்ளைக்கு அவன் ஆபீசர் லீவு குடுக்கல. தவக்காலம் வந்துட்டா அப்புறம் ஈஸ்டர் கழிச்சுத்தான் கல்யாணம்!"

ஓஸ்வால்ட் வாய்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் அச்சகத்துக்கு ஓடினார்.

முதலாளி சீனிவாசராகவன் கார்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "எழுத்து மேல தப்பில்லை ஓய். கறுப்பு மைதான் கெடுக்கறது. தங்க மை போடும்."

தங்க மையில் மெல்லிய கோடுகள் விழவில்லை. தடித்தவை மட்டும் ஜெயில் கம்பி மாதிரி வரிசையாக நின்றன. அழுத்தத்தைக் கூட்டினார், அட்டை கிழிந்தது. மறுபடி கறுப்புக்கே வந்து, களையாக இருக்கட்டும் என்று மேலே ஒரு தேவதூதனைச் சேர்த்தார். அச்சகத்தில் இருந்த ஒரே தேவதூதன் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தான்.

சாயங்காலம் தேக்சாவை வாங்கிப் போக வந்த ஃபாத்திமா, மேஜைமேல் இருந்த புதுக் கார்டைப் பார்த்து மார்பில் கை வைத்தாள்.

"யா அல்லா! காலைல கல்யாணம்னீங்களே! அதுக்குள்ள யாரு?"

மறுநாள் ஓஸ்வால்ட் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கடை நோட்டீஸுக்குப் போடும் மொத்தை எழுத்தில் நூறு கார்டு அடித்தார்.

"டாடி, செருப்புக் கடை தள்ளுபடி மாதிரி இருக்கு," என்றாள் மௌரீன்.

"இருக்கட்டும். யாரும் அழமாட்டாங்க இல்ல?"

கார்டுக் கட்டை இடுக்கிக்கொண்டு ஒக்கலிபுரத்துக்குக் கிளம்பினார். வாசலிலேயே மாப்பிள்ளை மதலைமுத்து சைக்கிளைவிட்டு இறங்கினான். ஓஸ்வால்ட் ஓடிப்போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, கார்டுல தப்பு நடந்துபோச்சு. கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க. இதோ, புதுசா அடிச்சிட்டேன். உங்க ஆபீசருக்கு நானே நேர்ல குடுத்து மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

மதலைமுத்து கட்டைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"ஐயோ மாமா, இத அவரு கண்ணுல காட்டிடாதீங்க! அவரும் உங்க பிரேசர் டவுன்தான். பழைய கார்டை மேஜைமேல வெச்சதும் படிக்கவேயில்ல. எழுந்து நின்னு, தொப்பியக் கழட்டிட்டு, பதினஞ்சு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டாரு!"