அண்ணன் முகத்தை நம்பலாமா?

ஒரு மனிதரை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உளவியல். மற்றது டீக்கடை. உளவியலுக்குக் கல்லூரி வேண்டும், டீக்கடைக்கு ஒரு டீ போதும். நான் இரண்டையும் ஒரே நாளில் ஒன்றாகக் கலந்து, என் அண்ணன் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தவள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா உத்தனப்பள்ளியில் தக்காளி போடுகிறவர். அவருக்குக் கையெழுத்து என்றால் பெருவிரல். அண்ணன் மாதேஷ் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டப் போய்விட்டான். நான் எம்.எஸ்சி. உளவியல். (இதை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். இப்போதும் சொல்லிவிட்டேன்.)

அம்மாவுக்கு மட்டும் இந்தப் படிப்பின் மேல் முதல் நாளிலிருந்தே சந்தேகம். "பைத்தியத்தப் பத்திப் படிக்கறதா, இல்ல படிச்சா பைத்தியம் புடிக்குமா? ஒண்ண தெளிவாச் சொல்லு," என்பாள். நான் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, "அது ஒனக்குப் புரியாதும்மா" என்பேன். அந்தக் கண்ணாடியே அண்ணன் ஓவர்டைம் பார்த்து வாங்கிக் கொடுத்தது என்பது அப்போது என் நினைவுக்கு வந்ததில்லை.

கடைசி வருடம் ஆய்வு ஒன்று செய்ய வேண்டும். முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்ததுமே மனிதர்கள் அவருடைய குணத்தை எப்படி முடிவுகட்டுகிறார்கள் என்பது என் தலைப்பு. பார்க்க லட்சணமாக இருப்பவர் நல்லவராகவும் புத்திசாலியாகவும்தான் இருப்பார் என்று நம் மனம் நம்மைக் கேட்காமலே கணக்குப் போட்டுவிடுகிறது. ஒரு நல்ல மூக்கைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்து, அதற்குள் எல்லா நல்ல குணங்களையும் போட்டு அடைக்கிறது. இதை நம் ஊர் ஆட்களிடம் சோதிக்க வேண்டும். சில முகங்களைக் காட்டி, இவரை நம்பலாமா, கோபக்காரரா, லட்சணமாக இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

வழிகாட்டிப் பேராசிரியை கண்டிப்பானவர். படத்தில் இருப்பது யாரென்று சொல்லக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது, சொன்னால் பதில் மாறிவிடும். யார் என்ன சொன்னாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். இதையெல்லாம் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

முகங்களுக்கு அண்ணனோடு வேலை பார்க்கும் வெளியூர்ப் பையன்களைப் பிடித்தேன். மதுரை, சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள், நல்ல பையன்கள், சம்மதித்தார்கள். கடைசி நேரத்தில் ஒருவர் மட்டும், "எங்கம்மா கண்ணு பட்டுரும்னு சொல்றாங்க" என்று பின்வாங்கிவிட்டார். அந்த இடத்துக்கு அண்ணனைச் சுவரோரம் நிறுத்தினேன்.

"எம்மூஞ்சிய வச்சி நீ பாஸ் ஆயிடுவியா?" என்று சிரித்தான்.

"சிரிக்காத. சாதாரணமா இரு."

அண்ணனிடம் இருக்கிற ஒரே அழகு அவன் சிரிப்புதான். அதை எடுத்துவிட்டால் நேற்றுதான் ஜாமீனில் வந்தவன் மாதிரி இருப்பான். அந்த முகத்தைத்தான் நான் நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டேன்.

அப்போது அண்ணனுக்குக் கல்லாவியில் பெண் பார்த்து, பேச்சு முடிகிற கட்டத்தில் இருந்தது. பெண்ணின் பெயர் சந்தியா. பெண் பார்க்கப் போன அன்று அவள், "நைட் ஷிஃப்ட் அன்னிக்குச் சாப்பாடு யாரு கட்டித் தர்றாங்க?" என்று அண்ணனிடம் நேராகவே கேட்டாள். தன் வயிற்றைப் பற்றி விசாரித்த முதல் வெளியாள் அவள் என்பதால் அண்ணன் அங்கேயே விழுந்துவிட்டான். பஸ்ஸில் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான். அன்று வராத பெண்ணின் தாய்மாமன் ஜூஜுவாடியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார், மாப்பிள்ளையைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்று அம்மா வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் நான் கேள்விகளைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படிப் பேச்சைக் கவனிப்பது ஓர் ஆய்வாளருக்கு அழகில்லையே.

எங்களை யாருக்குமே தெரியாத இடம் வேண்டும் என்று நான் தேர்ந்தெடுத்ததும் ஜூஜுவாடியைத்தான்.

கர்நாடக எல்லை. லாரிகள் நிற்கும், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாலையோர டீக்கடை ஒன்றில் போய் நின்றேன்.

டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, போலீஸா?"

"இல்லீங்க, ஸ்டூடண்ட்."

"போலீஸு எப்பவும் அப்பிடித்தாம்மா சொல்லும்," என்று டம்ளரை வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு அத்திப்பள்ளிப் பக்கம் போயே போய்விட்டார். அந்த வண்டியில் என்ன இருந்ததோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

மற்றவர்கள் தயாராக இருந்தார்கள். நம் மக்களிடம் ஒரு போட்டோவைக் காட்டி "ஆள் எப்படி?" என்று கேட்டுவிட்டால் போதும், தெரியாது என்ற சொல்லே வராது. டீ மாஸ்டர் கன்னடமும் தமிழும் கலந்து பையன்களின் ஜாதகத்தையே சொன்னார். கொய்யாப்பழம் விற்கும் ஓர் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணன் படம் வந்ததும் கையில் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இவனா? முழியே சரியில்லியே. இவன நாம் பாத்திருக்கேன். அத்திப்பள்ளி ஒயின் ஷாப்புல."

அண்ணனுக்கு இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றும். ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாதே! "சரிங்க" என்று தலையை ஆட்டி எழுதிக்கொண்டேன். என் கூடப் பிறந்தவனைக் குடிகாரன் என்கிறார், எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். எப்பேர்ப்பட்ட பதில்!

என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. கைலி, கையெல்லாம் கிரீஸ். படத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"இந்தப் பையனப் பத்தி எதுக்கும்மா கேக்கற?"

"அதச் சொல்லக் கூடாதுங்க."

"யாரு இவுரு?"

"அதையும் சொல்லக் கூடாதுங்க."

"பொண்ணு வூட்டுக்காரங்க யாராச்சும் கேக்கச் சொன்னாங்களா?"

"யாரு கேக்கச் சொன்னாங்கன்றது ரகசியம்ங்க. நீங்க சொல்லுங்க, இவர நம்பலாமா?"

அவர் கிரீஸ் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். "நேத்து வரைக்கும் நம்பிட்டுத்தான் இருந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் பார்வையிலேயே ஒருவர் இவ்வளவு ஆழமாகப் பதில் சொல்கிறாரே என்று நான் அதற்கு நட்சத்திரக் குறி போட்டேன்.

சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு போன் வந்தது. பேசப் பேச அப்பா முகம் மாறியது. போனை வாய்க்கருகே பொத்திக்கொண்டு, "கல்லாவியிலருந்து. இன்னொரு பொண்ணு வூட்டுக்காக ஒருத்தி நம்ம மாதேஷ் போட்டோவ வச்சிக்கிட்டு வெசாரிக்கறாளாம். ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல பேசறீங்களான்னு கேக்கறாங்க. பேச்ச இத்தோட நிறுத்திக்கலாம்ன்றாங்க," என்றார்.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். "யார்ரா அவ?"

"எவம்மா?" அண்ணன் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், நானும் அவனைச் சந்தேகப்பட்டேன். ஒரு பெண், இவன் போட்டோவை வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் விசாரிக்கிறாள் என்றால், ஒன்றும் இல்லாமலா இருக்கும்? "பொதுவா இந்த மாதிரிப் பொண்ணுங்க மனசுல பாதுகாப்பில்லாம இருப்பாங்க" என்று ஒரு விளக்கம் வேறு கொடுத்தேன்.

அப்பா போனில் கேட்டுக் கேட்டுச் சொன்னார். "கண்ணாடி போட்டவளாம்... கழுத்துல ஏதோ கார்டு மாட்டிருந்தாளாம்... ஆளு கொஞ்சம் திமிராப் பேசினாளாம்..."

அம்மா மெதுவாகத் திரும்பி என் கழுத்தைப் பார்த்தாள். அட்டை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. (வீட்டிலும் அதைக் கழற்றுவதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.)

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். கையைக் கழுவிவிட்டு வாசலில் நின்று, "அவங்க நல்லவங்கடி," என்று மட்டும் சொன்னான். அவன் சிரிக்காத முகத்தைப் படத்தில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு.

மறுநாள் குடும்பத்தோடு கல்லாவிக்குக் கிளம்பினோம். கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது அம்மா என் பக்கத்து சீட்டை விட்டுவிட்டு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அங்கே பஞ்சர் கடை மாமா முனிராஜ் நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "இதா, இந்தப் பொண்ணுதான்!" என்று எழுந்தே விட்டார்.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். ஒளிவட்டம், முகம், மனம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப ஒங்கண்ணன நம்பலாமான்னு ஒனக்கே தெரியல. அதான் ஜூஜுவாடில வந்து கேக்கற."

"இல்லீங்க மாமா! ஜனங்க மூஞ்சியப் பாத்துத் தப்பா முடிவு பண்றாங்கன்னு காட்டத்தான்..."

"யாரு தப்பா முடிவு பண்றா? நாங்களா?"

அப்பா என் காலை மிதித்தார். நான் விடவில்லை. "அந்தக் கொய்யாப்பழ அம்மா அடுத்த போட்டோவையும் காட்டினப்ப, அவரையும் அதே ஒயின் ஷாப்புல பாத்தேன்னாங்க. அதுக்கடுத்தவரையும். எல்லாரையுமே அங்கதான் பாத்தாங்களாம்."

மாமா யோசித்தார். "எல்லாரையுமேவா?"

"எல்லாரையுமே."

"அப்ப அந்தம்மா அங்க என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

உள்ளேயிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் தலையைத் தூக்கினான். போன உயிர் திரும்பி வருகிற மாதிரி அவன் சிரிப்பு திரும்பி வந்தது.

ஆனால் பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. "பையன் மேல இப்ப எங்களுக்குச் சந்தேகம் இல்லீங்க. இந்தப் பொண்ணு மேலதான். சொந்த அண்ணனையே இந்தப் பாடு படுத்துது, நாளைக்கு எங்க பொண்ண என்ன பாடு படுத்தும்?"

அப்போது சந்தியா கையில் செல்போனோடு வெளியே வந்து என் எதிரில் நின்றாள்.

"செவுத்துப் பக்கம் நில்லுங்க."

நின்றேன்.

"சிரிக்காதீங்க. சாதாரணமா இருங்க."

எனக்கு அப்போது சிரிக்கவும் வரவில்லை. படம் எடுத்துக்கொண்டாள். அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துத் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரச் சந்தையில் சந்தியாவும் அவள் அம்மாவும் அந்தப் படத்தைக் கல்லாவி முழுக்கக் காட்டியிருக்கிறார்கள். இவள் நாத்தனாராக வந்தால் எப்படி இருப்பாள்? நம்பலாமா? கோபக்காரியா? அண்ணன் கல்யாணம் என் முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"சந்தையே ஒரே வார்த்த சொல்லுதுங்க. திமிர் புடிச்சவளாம். வெத்தல விக்கிறம்மா மட்டும், 'பாவம், பசியில இருக்கறாப்ல இருக்கு'ன்னாங்க." அம்மா தலையில் கைவைத்தாள். மாமா தொடர்ந்தார்: "ஆனா சந்தியா என்ன சொல்லுதுன்னா, மூஞ்சியப் பாத்துச் சொல்றதெல்லாம் தப்பாத்தான் இருக்கும்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சே, அது படிச்ச பொண்ணாச்சே, அத நம்பலாம்னு. நாள் பாருங்க."

கல்யாணம் நடந்தது. பேராசிரியை, உறவினர் படம் செல்லாது என்று அண்ணனை ஆய்விலிருந்து தூக்கிவிட்டார். கல்லாவியில் அவன் செல்லுபடியாகிவிட்டான், அது போதும்.

அண்ணியின் போனில் இன்றைக்கும் என் நம்பருக்கு அந்தப் படம்தான். நான் கூப்பிட்டால் சுவரோரம் நிற்கும் அந்த முகம் பெரிதாக எழும். அண்ணன் மகள் தூரத்திலிருந்தே, "அம்மா, சந்த அத்த கூப்புடுது!" என்று கத்துவாள். எனக்கு ஏதாவது வரன் வந்தால், "இருங்க, பையன் போட்டோவக் குடுங்க, சந்தையில கேட்டுட்டு வந்துடறேன்" என்று அண்ணி கூடையை எடுப்பாள்.

போன பொங்கலுக்கும் இந்தப் பேச்சு வந்தது. நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "அந்த ஆய்வே தப்பு. ஒரே சந்த, ஒரே நாள், பாதிப் பேர் ஒங்க சொந்தக்காரங்க. எந்தப் பேராசிரியரும் இத ஒத்துக்க மாட்டாங்க. நான் எம்.எஸ்சி. படிச்சவ, எனக்குத் தெரியும்."

அண்ணி வீட்டாரை எல்லாம் ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? இதத்தான் சந்தையிலயும் சொன்னாங்க."