பட்டன் பலகையும் நான் அடித்த காப்பியும்

பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து வருடமும் நான் காப்பியடித்ததில்லை. (நல்ல குணம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவனிடம் பேச வெட்கம், அவன் சிலேட்டை எட்டிப் பார்க்க அதைவிட வெட்கம்.) அதற்கெல்லாம் சேர்த்துவைத்துக் காப்பியடித்து, ஊர் பார்க்க மாட்டிக்கொண்டது நாற்பத்தாறாவது வயதில், என் மகளின் பள்ளியில்.

செஞ்சியில் எனக்குத் தையல் கடை. ஆண்கள் சட்டை, பேன்ட் மட்டும்தான். பெண்களிடம் அளவு கேட்க வாய் வராது என்பதால் ஜாக்கெட் தைப்பதில்லை. ஆண்களிடமும் அளவு டேப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவேன்.

மகள் தர்ஷினிக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. எதையும் கற்றுக்கொள்ள மற்றப் பிள்ளைகளைவிட அவளுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும். அவளைப் போன்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவென்று வாரத்தில் இரண்டு நாள் வல்லத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார் சபீனா டீச்சர். இருந்தும் தர்ஷினி மதியம் வரைதான் பள்ளியில் இருந்தாள். காரணம், சாம்பார். சட்டையில் ஒரு சொட்டுப் பட்டாலும் வேறு சட்டை மாற்றும்வரை அழுகை நிற்காது. மாற்றிவிட அங்கே ஆள் இல்லை. கடலை மில்லில் வேலை செய்த என் மனைவி வள்ளி பாதி வேலையில் எழுந்து ஓடிவந்து அவளைக் கூட்டிப்போவாள்.

"அவளே பட்டன் போட்டுக்கிட்டா போதும் அண்ணே. முழு நாளும் எல்லாப் பசங்களோடயும் இருக்கலாம். எச்.எம். கிட்ட நான் பேசறேன்" என்றார் டீச்சர். பழகுவதற்கு ஒரு பலகையும் கொடுத்தார். அதன்மேல் சட்டையின் முன்பக்கம் மாதிரி இரண்டு துணி, ஐந்து பட்டன், அவை நுழைய ஐந்து காஜா. கூடவே ஒரு நோட்டு. "தினம் கால் மணி நேரம் பழக்குங்க. இன்னா வந்தது, எங்க மாட்டுதுன்னு ஒரு வரி எழுதுங்க. நான் பார்த்துட்டு அடுத்தது சொல்றேன்."

பலகை எனக்குப் பயமில்லை. நோட்டுதான் பயம். முதல் நாள் "வரவில்லை" என்று எழுதினேன். இரண்டாம் நாளும் "வரவில்லை". பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பன்னிரண்டு "வரவில்லை" ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றுகொண்டு என்னையே முறைத்தன. தர்ஷினியைப் பற்றி எழுதியவைபோல் அவை தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் பழைய மார்க் ஷீட் மாதிரி இருந்தது.

பதின்மூன்றாம் நாள் என் தொழில் புத்தி வேலை செய்தது. பலகையைக் கடைக்கு எடுத்துப்போய், ஐந்து காஜாவையும் தைத்து மூடினேன். பட்டன்களை வெட்டி எடுத்து மேல்துணியிலேயே அழகுக்கு வைத்துத் தைத்தேன். அடியில் யாருக்கும் தெரியாமல் ஐந்து டிச் பட்டன். மேலே கட்டை விரலால் அழுத்தினால் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். இரண்டு துணியையும் பிடித்து இழுத்தால் 'டர்ர்ர்' என்று ஐந்தும் ஒரேயடியாகக் கழன்றுவிடும். (தையல் சுத்தமாக இருந்தது. அதில் மட்டும் நான் குறை வைக்கவில்லை.)

தர்ஷினி இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். டிக், டிக், டிக், டிக், டிக். டர்ர்ர். சிரிப்பு. திரும்பவும் முதலிலிருந்து.

"போடுகிறாள். கழட்டவும் செய்கிறாள்" என்று எழுதினேன். வள்ளியின் போனில் வீடியோ எடுத்தும் அனுப்பினேன். டீச்சர் நோட்டில் "மிக மிக அருமை!" என்று எழுதிச் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் நட்சத்திரம். கடையில் கிராக்கி இல்லாத நேரத்தில் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

விஷயம் நட்சத்திரத்தோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். பெற்றோர் கூட்டத்துக்குத் தர்ஷினியைப் பலகையோடு கூட்டிவரச் சொல்லிவிட்டார் டீச்சர். எச்.எம். நேரில் பார்த்து, முழு நாள் பள்ளிக்கு அன்றே ஒப்புதல் கொடுப்பாராம். வள்ளி மில்லில், "திங்கக்கெழமலேர்ந்து முழு நாள் வரேன்" என்று சொல்லிவிட்டே வந்திருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் கொட்டாவிதான் வந்தது.

கூட்டத்தில் என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். முன்மாதிரித் தந்தையாம். என் பேச்சு முழுவதையும் இங்கே தருகிறேன்: "வணக்கம். பட்டன்... வீட்ல... தினம். நன்றி." கைதட்டினார்கள்.

பிறகு தர்ஷினி பலகையோடு உட்கார்ந்தாள். டிக் டிக் என்று ஐந்தும் பிடித்துக்கொண்டன. கைதட்டல். டர்ர்ர் என்று இழுத்தாள். இன்னும் பெரிய கைதட்டல். அத்தனை பேர் அவளுக்காகக் கைதட்டி அவள் பார்த்ததேயில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்ததில் என்ன தப்பு?

அந்த நேரம் பார்த்து எச்.எம். பென்சில் பாக்ஸ் ஒன்றைப் பரிசாக நீட்டியபடி குனிந்தார். ஐந்து பட்டனும் அவள் முகத்துக்கு நேராக வந்தன. பரிசை அவள் பார்க்கவில்லை. சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்தாள்.

டர்ர்ர்.

ஒரு பட்டன் தண்ணீர்க் குடத்துக்குள் விழுந்தது. ஒன்று முன்வரிசை அம்மா ஒருத்தியின் மடியில். மற்றவை இன்றுவரை கிடைக்கவில்லை. எச்.எம். பனியனோடு நின்றார். கைதட்டல் வராததைப் பார்த்த தர்ஷினி, ஏதோ குறை என்று நினைத்து, விரிந்த சட்டையை இழுத்து மூடி, பட்டன் இருந்த இடங்களைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். சத்தம் வரவில்லை. அதனால் அவளே வாயால் "டிக்" என்றாள். அவர் தொந்தியில் ஐந்து முறை.

"டைலரே" என்றார் எச்.எம். மெதுவாக. "இது நீ தச்ச சட்டைதானேய்யா?"

ஆமாம். நான் தைத்த சட்டைதான்.

சபீனா டீச்சர் முன்னால் வந்தார். பலகையை எடுத்தார். மேல்துணியைத் திருப்பினார். அடியில் ஐந்து டிச் பட்டனும் பளபளவென்று மின்னின. பக்கத்தில் நின்ற வள்ளியும் பார்த்தாள்.

"இப்போதைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும் டீச்சர்" என்றார் எச்.எம்., சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்குப் போகும் வழியில் வள்ளி தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் நின்றாள். "நீ பாஸ் பண்ணணும்னு எம்பொண்ண ஃபெயிலாக்கிட்டியேய்யா" என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கடையை மூடிவிட்டு எங்காவது போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தர்ஷினி அன்று சாயங்காலமும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்து, "நைனா, டிக்கு" என்றாள். அவள் நிறுத்தவில்லை. அவள் நிறுத்தாதபோது நான் எப்படி நிறுத்துவது?

டீச்சர் வரும் நாள் பார்த்து, எச்.எம். கொடுத்தனுப்பிய சட்டைக்குப் பட்டன் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் முன்னால் தரையைப் பார்த்து நின்றேன்.

"வரலன்னு எழுதினா நான் திட்டுவேன்னு நெனச்சீங்களா அண்ணே?"

தலையாட்டினேன்.

"எங்க மாட்டுதுன்னு தெரிஞ்சாத்தானே நான் வழி சொல்ல முடியும்? வீட்ல நடக்கறது எனக்கு இன்னா தெரியும்? நீங்க பாஸ்னு எழுதிட்டீங்க, நானும் அவளுக்குப் பட்டன் பாடத்த நிறுத்திட்டேன்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் எழுதிய பொய்யால் அவள் வீடு, பள்ளி என்று இரண்டு பக்கமும் பாடத்தை இழந்திருக்கிறாள். "பட்டன் பாதி நுழையுது டீச்சர்" என்றேன். "அந்தப் பக்கம் புடிச்சு இழுக்கறதுக்குள்ள இந்தப் பக்கம் உட்டுடறா."

டீச்சர் நிமிர்ந்தார். "அப்ப கடைசிலேர்ந்து ஆரம்பிக்கலாம். நாலு பட்டன நீங்க போடுங்க. அஞ்சாவதயும் முக்கால்வாசி நுழைச்சு வையுங்க. அந்தக் கடைசி இழுப்பு மட்டும் அவளுது. முடிச்சது அவதான்."

"கோட்டுப் பட்டன் இருக்குது, பெருசு. காஜாவும் பெருசா அடிக்கலாம். பழகப் பழகச் சின்னதாக்கிக்கினே வரலாம்." வீட்டுக்கு வெளியே ஒரு பெண்ணிடம் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

"இதச் சொல்லத்தான் அண்ணே நோட்டே குடுத்தேன்" என்றார்.

அதன் பிறகு ஏழு பலகை தைத்தேன். நோட்டில் "வரவில்லை" என்று எழுதக் கூசவில்லை. "வரவில்லை. இடது கை நழுவுகிறது" என்றால், இடது கைக்கு ஒரு வழி எழுதி வரும். "வரவில்லை. சளி" என்றால், "விடுங்கள், தூங்கட்டும்" என்று வரும். இதற்கிடையே பழைய பாடத்தையும் மறக்கடிக்க வேண்டியிருந்தது. அவலூர்பேட்டை பஸ் கண்டக்டர், கேபிள்காரர், என் மச்சான் என்று மூவர் சட்டை 'டர்ர்ர்' ஆயிற்று. மூன்றுக்கும் நானே தைத்துக் கொடுத்தேன். என் கையால் பட்டன் தைத்தால் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவது என்று ஊரில் ஒரு வழக்கமே வந்துவிட்டது.

ஒரு இழுப்பு இரண்டாகி, ஒரு பட்டன் மூன்றாகி, ஐந்தையும் தர்ஷினி தானே போட்ட நாளில் மழைக்காலம் முடிந்திருந்தது. எச்.எம். மறுபடி பார்க்க வந்தார். சட்டைக்கு மேல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்தார். அங்கிருந்தபடியே சரி என்றார்.

டீச்சர் பலகையைத் திருப்பிப் பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பெருமை பேச முடியாது. கடையில் ஒரே நாளில் நாலு சட்டை முடித்தேன் என்று நான் சொன்னால், வள்ளி கரண்டியைக் கீழே வைக்காமல், "திருப்பிக் காட்டு" என்பாள். மச்சான் தன் மகன் மார்க்கைச் சொன்னாலும் அதே "திருப்பிக் காட்டு"தான். பக்கத்து வீட்டுக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

முழு நாள் போன முதல் நாள், நாலரை மணிக்கு மற்றப் பிள்ளைகளோடு தர்ஷினி வந்தாள். காலையில் போட்டுப்போன சட்டை பையில் இருந்தது, சாம்பாரோடு. உடம்பில் மாற்றுச் சட்டை. ஒரு காஜா தள்ளிப் போட்டதில் ஒரு பக்கம் கழுத்தருகே தூக்கிக்கொண்டு நின்றது.

"யாரு பட்டன் போட்டா?" என்றாள் வள்ளி.

"நானு."

வள்ளி என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவளிடம், "எங்க, திருப்பிக் காட்டு" என்றாள்.

தர்ஷினி பையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.