சபாஷ் சொல்லும் பலகை

ஒரு காட்டில், கூரையைத் தவிர மற்றதெல்லாம் உள்ள பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. பூங்கோதை என்கிற புள்ளிமான் அங்கே டீச்சர். குட்டிகளுக்கு எப்படியாவது சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவள் தவித்தது ஒரே ஒரு பாடத்தைத்தான்: புலி வந்தால் ஓட வேண்டும்.

அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. புதருக்குப் பின்னால் போய் நின்று தொண்டை கிழிய உறுமுவாள். குட்டிகள் விழுந்தடித்து ஓடும். முட்டியில் சிராய்ப்போடு வீடு போய்ச் சேரும்.

பெற்றோர் சும்மா இருப்பார்களா? "படிக்க அனுப்பினா, பயமுறுத்தி அனுப்புறாங்க!" என்று காட்டுப்பன்றியம்மா வாசலில் நின்று சத்தம் போட்டாள். விஷயம் மேலே போனது. மேலே என்றால் பாறைக்கு மேலே. அங்கேதான் கல்வி அதிகாரி நரியின் அலுவலகம்.

வெளிக்காட்டில் பயிற்சி முடித்து வந்திருந்த நரி, குட்டிக்கொரு தொடுபலகையைக் கொண்டுவந்து இறக்கியது. கூடவே ஒரு மூட்டை வறுத்த வேர்க்கடலை.

"கேள்வி வரும் மேடம். சரியான விடையைத் தொட்டா 'சபாஷ்!'னு சொல்லி ஒரு கடலை விழும். தப்பாத் தொட்டா 'ப்பே!'. அவ்வளவுதான். இதுக்குப் பேர் நடத்தையியல். பரிசு கிடைச்ச காரியத்தை எந்த உயிரும் மறுபடி செய்யும்."

"சரிங்க சார். ஆனா புரிஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு நாம எட்டிப் பார்க்கவே கூடாது மேடம். அது அநாகரிகம்."

புலி வந்தால் என்ன செய்ய வேண்டும்? ஓட வேண்டுமா, பாட வேண்டுமா? குட்டிகள் 'ஓட வேண்டும்' என்பதைத் தொட்டன. வகுப்பே சபாஷால் அதிர்ந்தது. முட்டிச் சிராய்ப்புகள் ஆறின. காட்டுப்பன்றியம்மா டீச்சருக்குக் கிழங்கு கொடுத்தனுப்பினாள். பூங்கோதை மட்டும் அதைக் கடிக்காமல் ஓரமாக வைத்தாள்.

"டீச்சர், புலின்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டது பன்றிக்குட்டி கட்டாரி.

"உடம்பெல்லாம் கோடு கோடா இருக்கும்டா."

"டேய், அதெல்லாம் கேள்வில வராது," என்றது பக்கத்தில் இருந்த முயல்குட்டி. கட்டாரி அத்தோடு விட்டுவிட்டது.

ஒரு நாள் முற்பகலில் மாசிலாமணி வந்தது. நிஜப் புலி, நிஜப் பசி.

"ஓடுங்க!" என்று கத்திய பூங்கோதை, அடுத்த மூச்சில் ஓடைக்கரையில் இருந்தாள். மானின் கால்கள் யாரையும் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு குட்டியும் இல்லை. வந்த வழியே திரும்பினாள்.

வகுப்பின் நடுவே மாசிலாமணி கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பிறந்ததிலிருந்து அது ஓடுவதை மட்டுமே துரத்திப் பழகியது. ஓடாததை எங்கிருந்து தொடங்குவது?

"ஏம்ப்பா, யாராவது ஓடுங்களேன்," என்று கெஞ்சியது.

"ஓடியாச்சு அண்ணே," என்றது கட்டாரி, கடலையை மென்றபடி. "பாருங்க, சபாஷ்கூட வந்திருச்சு."

"எங்கே, காட்டு."

புலி பலகையில் ஒரு விரலை வைத்தது. 'பாட வேண்டும்'. "ப்பே!" மாசிலாமணியின் மீசை தொங்கிப்போனது.

"இதுகூடத் தெரியாதா? ஓடணும் அண்ணே," என்று முயல்குட்டி காதோடு சொல்லிக்கொடுத்தது.

தொட்டது. "சபாஷ்!"

புலியின் வால் நட்டுக்கொண்டு நின்றது. அந்தப் புலியைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதுவரை சொன்னது 'ஐயோ' மட்டும்தான். கட்டாரியின் பலகையோடு புலி ஓசைப்படாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தது.

பூங்கோதை அதன் முன்னால் வந்தாள். "அடுத்த கேள்வி கொஞ்சம் கஷ்டம். உங்களால முடியுமான்னு தெரியலை."

"போடுங்க டீச்சர், ஒரு கை பார்த்துடலாம்."

புலி தலையைக் குனிந்த நேரத்தில், அவள் குட்டிகளைப் பார்த்து வாலைத் தூக்கி அடி வெள்ளையைக் காட்டினாள். மான் குலத்தில் அதற்கு 'ஆபத்து, ஓடு' என்று பொருள். "அழகா இருக்கு டீச்சர்," என்றன குட்டிகள்.

அவளுக்கு அழுகை வந்தது. பிறகு மூட்டை கண்ணில் பட்டது. ஒரே உதை. கடலையெல்லாம் வாசலைத் தாண்டி, சரிவில் உருண்டு, ஊர்ப்பக்கம் ஓடியது. குட்டிகள் அதன் பின்னாலேயே ஓடின, அத்தனையும், வீட்டு வாசல்வரை.

புலி நிமிரவில்லை. அப்போதுதான் அதற்குத் தொடர்ந்து சபாஷ் விழத் தொடங்கியிருந்தது.

சாயங்காலம் நரி வந்து பலகைகளைப் பார்த்தது. "பிரமாதம் மேடம்! புலி வந்தப்போ வகுப்பு மொத்தமும் சரியான விடை. புதுசாச் சேர்ந்த மாசிலாமணிகூட. நீங்க மட்டும்தான் ஒண்ணும் செய்யலை."

"ஓடினேனே சார்!"

"தொடலையே மேடம். பதிவாகலை. அதனால இந்த மாசச் சம்பளப் புல்லுக்கட்டை நிறுத்தி வைக்கணும்."

பூங்கோதைக்கு ரத்தம் கொதித்தது. குளம்பைத் தரையில் உதைத்தாள். கேட்க வேண்டியதை எல்லாம் இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

"ஆனா ஒண்ணு," என்று நரி குரலைத் தாழ்த்தியது. "உங்களை மாதிரி ஒரு டீச்சர் இந்தக் காட்டிலேயே கிடையாது. சபாஷ்!"

அவள் காதுகள் இரண்டும் தாமாகவே நிமிர்ந்தன.

"நாளைக்குச் சீக்கிரமே வந்துடவா சார்?" என்றாள்.

நீதி: பசித்த புலியை உட்கார வைக்க ஒரு சபாஷ் போதும். ஆசிரியருக்கும் அதேதான், தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை.