முள்ளுக்குத் தெரியாத சக்கரம்

“முருகா... முருகா...” என்று அய்யாவு வாய்க்குள் முனகிக்கொண்டிருக்கும்போதே அவன் தோளில் ‘டொக்’கென்று விழுந்தது குடைக்காம்பு.

“மெதுவா போ தம்பி!” என்றாள், துரைசானியின் நாயை மடியில் கட்டிப்பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா பேச்சியம்மாள்.

அய்யாவு காரை மெதுவாக்கினான். லாயாங் லாயாங் ஸ்டேஷனை எட்டியபோது, புறப்பட்டுவிட்ட ஜோகூர் பாரு ரயிலின் கடைசிப் பெட்டிதான் தெரிந்தது.

பின் சீட்டில் துரைசானிக்குப் பக்கத்திலிருந்த துரை, பைக் கடிகாரத்தைச் சட்டென்று மூடினார். மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வந்து கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது.

“அய்யாவு! ரெண்டு சனிக்கிழமை ரயில் போச்சு. அடுத்த சனிக்கிழமையும் ரயில் போச்சுன்னா நீ போச்சு. கத்தி எடு, மரம் வெட்டு.”

பத்து வருஷம் கொசுக்கடியில் பால்மரம் வெட்டி, வாளியில் ரப்பர் பால் சுமந்து, கெஞ்சிக் கூத்தாடி டிரைவர் ஆனவன் அவன். தோட்டத்திலேயே காக்கித் தொப்பி வைத்த ஒரே தமிழன். திரும்பவும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் லயத்து வரிசை வீட்டு ஜனம் சிரிக்காதா?

தப்பு அவன் மேலா? துரைசானி தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. துரைக்கு ரயில் வேண்டும். அந்த அம்மாவுக்கோ வேகம் என்றால் உயிர்ப் பயம். ‘வேகம் காட்டும் முள் முப்பது மைலைத் தொட்டால் டிரைவரைத் தட்டு’ என்று ஆயாவிடம் குடையைக் கொடுத்து முன்னால் உட்கார வைத்திருக்கிறாள். இந்த ஆயா இருக்கிறாளே, இருபத்தைந்து தாண்டினாலே தட்டிவிடுகிறாள். எஜமானியை மிஞ்சிய விசுவாசம்!

டயர் தேய்ந்துபோயிருந்ததால், மாற்றிக்கொண்டு வரச்சொல்லி திங்கட்கிழமை துரை அவனைக் குளுவாங் டவுனுக்கு அனுப்பினார். அங்கே பட்டறை வைத்திருந்த சீனர் ஆ கியோங்கிடம் அய்யாவு தன் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டினான். ஆ கியோங் எழுந்துபோய், ஏதோ பெரிய காரிலிருந்து கழற்றிய நான்கு சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்தார். பழைய சக்கரத்தைவிட ஆறு விரற்கடை உயரம்.

“ரோடா பெசார், பூசிங் கூராங்” என்றார் மலாயில். பெரிய சக்கரம், சுற்று குறைவு.

அய்யாவு விழித்தான். ஆ கியோங் தரையில் கோடு போட்டு விளக்கினார். சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை மட்டும்தான் முள் எண்ணும். சக்கரம் பெரியதா சிறியதா என்று அதற்குத் தெரியாது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். முள் பழைய கணக்கையே காட்டும்.

திரும்பும் வழியில் அய்யாவு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி செபஸ்தியனிடம் இரவல் வாங்கியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். முள் முப்பதில் நின்றது. மைல்கல்லுக்கு மைல்கல் இரண்டு நிமிஷம் ஆக வேண்டும். ஒன்றே முக்கால்தான் ஆனது! மறுபடி பார்த்தான். மறுபடியும் ஒன்றே முக்கால்! காரை ஓரங்கட்டி இறங்கி, அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உடம்பெல்லாம் புல்லரித்தது. முப்பது என்று முள் சாதிக்க, கார் முப்பத்தைந்தில் பறந்திருக்கிறது. இப்படி ஒரு அதிசயம் உலகத்தில் உருண்டுகொண்டிருக்க, இத்தனை நாளாய் குடைக்காம்பில் அடி வாங்கியிருக்கிறோமே! தொப்பியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அதிசயம் சும்மா வருமா? மறுநாள் ஒரு திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசிப் புகை கிளம்பியது. அய்யாவு மட்கார்டைக் கழற்றி எறிந்தான். அதற்கடுத்த நாள் மழைச்சேறு முழுவதும் துரைசானியின் வெள்ளைத் தொப்பிக்குப் போனது. மறைப்புக்குத் தகரம் அடித்தான். அந்தக் கடகடாச் சத்தத்தில் நாய்க்குக் காக்காய் வலிப்பே வந்துவிடும்போல் ஆனது. எல்லாவற்றையும்விடப் பெரிய வினை வெள்ளிக்கிழமை வந்தது. ஸ்டேஷன் போகும் வழியில் ஒரு மேடு உண்டு. பழைய சக்கரத்தில் முக்கி முனகியாவது ஏறும் கார், இந்தச் சக்கரத்தில் பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றது.

“ஒரு சுத்துக்கு அதிக தூரம் தள்ளணும்ல? இன்ஜின் பாவம், என்ன பண்ணும்!” என்றான் அய்யாவு, மேட்டோரத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த காளியப்பனிடம்.

“அலமாக், அடக் கடவுளே! இப்ப என்னண்ணே பண்ணப் போறீங்க?”

“நாளைக்குக் காலையில நாலு பேரோட இங்கேயே நில்லு. கார் நின்னா, பின்னாடி வந்து கை கொடு. துரைகிட்ட மூச்சு விடாதே.”

சனிக்கிழமை வந்தது. தொப்பி வழக்கம்போல் தாமதமாகத்தான் கிடைத்தது. அய்யாவுக்குக் கொஞ்சமும் பதற்றமில்லை. முள் இருபத்தைந்து, இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று ஏறியது. அவன் கும்மிப் பாட்டு ஒன்றைச் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான். இருபத்தைந்தைத் தாண்டியும் குடை அசையவில்லை; எல்லாம் சக்கரத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டான். மேட்டில் கார் திணறியது. காளியப்பன் கூட்டம் ஓடிவந்து பின்னால் முதுகு கொடுத்துத் தள்ளியது. தன்னை வழியனுப்பத்தான் வந்திருக்கிறார்கள் என்று துரைசானி மனம் குளிர்ந்து கைக்குட்டையை ஆட்டினாள். உச்சிக்குப் போனதும் கார் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் ஒரே பச்சைச் சுவராக ஓடின. அய்யாவுக்கு நெஞ்சு விம்மியது. சாமி தேர் ஓட்டுபவனுக்குக்கூட இந்தக் கொடுப்பினை கிடைத்திருக்காது.

ரயில் வருவதற்கு நாலு நிமிஷம் முன்பே கார் ஸ்டேஷனில் நின்றது. துரை கடிகாரத்தைப் பார்த்தார், அய்யாவுவைப் பார்த்தார்.

“நல்ல டிரைவர்!” என்று முதுகில் தட்டினார். அய்யாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

துரையும் துரைசானியும் ஏறி ரயில் போனதும், அய்யாவு சீட்டுக்கடியில் வைத்திருந்த தேங்காயை எடுத்து முன் சக்கரத்தருகே உடைத்தான். ஒரு சில்லை ஆயாவிடம் நீட்டினான். வாய் சும்மா இருக்கவில்லை.

“அக்கா, ஒரு ரகசியம் சொல்றேன். இன்னிக்கு நான் முப்பத்தஞ்சு கிட்ட வந்தேன். இந்தச் சக்கரம் உங்களை ஏமாத்திடுச்சு. முள்ளு முப்பதைத் தொடவே இல்ல, பாத்தீங்கல்ல?”

பேச்சியம்மாள் தேங்காயைக் கடித்துக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முள்ளா? எனக்கு நம்பர் எங்கே தம்பி படிக்கத் தெரியும்? நீ பயந்துபோய் ‘முருகா, முருகா’ன்னு முனகுவே, சரி, வேகமாப் போறான்போலன்னு தட்டுவேன், இன்னிக்கு நீதான் முனகவே இல்லையே!”