நான் பின்பக்கமாய் வாசித்த உலக அழிவு

தோற்றுப்போனவனிடம் காரணம் கேட்டால் விதி, சாதகம், அரசாங்கம் என்று மூன்றையும் சொல்வான். என் காரணம் ஒரு ஜப்பான் சித்திரக்கதைப் புத்தகம். வெளியே சொல்ல வெட்கமாயிருப்பதால் நானும் அரசாங்கம் என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து நான்கு. இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசைவீட்டில், உயர்தரப் பரீட்சை முடித்து மூன்று வருடமாக ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தேன். (அதாவது சும்மா இருந்தேன்.) ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வேனொன்றை வாங்கிய சித்தப்பா, சீட்டுக்கு அடியில் கிடந்த அந்தத் தடித்த புத்தகத்தை, "படிச்சவன் நீ, வச்சுக்க" என்று தந்தார். இதற்கு மங்கா என்று பெயர் இருப்பதே அப்போது தெரியாது. ஒரு எழுத்தும் புரியவில்லை. படங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துவிட்டேன்.

கதை இதுதான்: சாம்பல் மூடிய ஊரில் ஒருவன் தனியே நிற்கிறான். போகப் போக ஒரு துணை, பிறகு நாலு பேர், பிறகு வெளிச்சம், கடைகள். கடைசிப் பக்கத்தில் அவனுடைய அம்மா சுடச்சுடச் சோறு போடுகிறாள். பக்க எண்கள் குறைந்துகொண்டே போயின. மிச்சம் எத்தனை என்று காட்டுகிறார்கள் போல, ஜப்பான்காரன் மூளையே மூளை என்று மெச்சிக்கொண்டேன்.

இதை, நான் கட்டிக்கொள்ள நினைத்திருந்த வசந்திக்குச் சொன்னேன். அவளுக்கு டவுனில் தையல் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும் வழியெல்லாம் என் கதைதான். அவள் அதை வீட்டில் அப்பாவுக்குச் சொன்னாள். அவர் டவுனில் வைத்திருந்த கடை எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்து, மறுபடி தோட்ட வேலைக்கே வந்தவர். வேலையில்லாதவனுக்குப் பெண் இல்லை என்று உறுதியாய் இருந்த அந்த மனிதர், ஒருநாள் என்னை வழியில் நிறுத்தினார்.

"தம்பி, எல்லாம் எரிஞ்ச பொறகும் அந்த அம்மா திரும்பி வருதாமே?"

"வருவாங்க மாமா. சோறே போடுவாங்க."

அவர் கண் கலங்கியது. "அப்ப உங்களுக்கும் வேல வரும். தையில பரிசம் போட்டுருவோம்" என்றார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அட்டன் கடையொன்றில் அதே அட்டைப்படத்தோடு ஒரு டிவிடி கண்ணில் பட்டது. புத்தகத்தில் அசையாமல் நின்ற ஆள் இதில் நடப்பான், பேசுவான்! பௌர்ணமிப் போயா லீவு மத்தியானம் வசந்தியையும் அவள் அப்பா அம்மாவையும் எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். அக்கா முறுக்கும் தேத்தண்ணியும் வைத்தாள். படத்தைப் போட்டேன்.

முதல் காட்சியில் அம்மா சோறு போட்டாள்.

"இது கடைசியாத்தானே வரணும்?" என்றாள் வசந்தி.

"முடிவ மொதல்ல காட்டுறாங்க. படத்துல அப்பிடித்தான்" என்றேன்.

அடுத்து அந்த அம்மா செத்தாள். புத்தகத்தில் சத்தமில்லாமல் ஒரு கட்டத்துக்குள் அடங்கியிருந்த நெருப்பு, இங்கே டீவி அதிர எரிந்தது. நான் உயிர்கொடுத்து எழுப்பியிருந்த நாலு பேரும் ஒவ்வொருவராய்ச் செத்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும், "இப்ப எந்திரிப்பான் பாருங்க" என்று உறுதி சொன்னேன். எவனும் எழும்பவில்லை. வசந்தியின் அம்மா முறுக்கைக் கையில் பிடித்தபடி அழுதார். கடைசியில் சாம்பலில் அவன் தனியே நின்றான். பாட்டு வந்தது, பெயர்கள் ஓடின.

அக்கா மெல்லப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். "டேய், நம்பரப் பாரு. இத வலப்பக்கமிருந்து தொறக்கணும்டா. நீ கடைசியிலருந்து பாத்திருக்க."

வசந்தியின் அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "அதானே பாத்தேன்" என்றார். "நான் பாத்ததும் இந்தப் பக்கமாத்தான் தம்பி நடந்துச்சு."

தையில் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கொத்மலைப் பக்கம், அரசாங்க வேலை. கல்யாணப் பத்திரிகை வைக்க வசந்தியின் அப்பாவே வந்தார். முன்னாலிருந்து வாசித்தேன், பின்னாலிருந்தும் வாசித்தேன். எந்தப் பக்கத்திலும் என் பெயர் இல்லை.

அவர் சொன்னபடியே எனக்கு வேலை வந்தது, ஒரு வருடம் பிந்தி. நியமனக் கடிதத்தை நீட்டும்போதே அக்கா, "இங்கருந்து வாசிடா" என்றாள். இருபது வருடமாகக் கரண்ட் பில் வந்தாலும் வீட்டில் இதே பேச்சுதான்; இப்போது என் மகளும் சேர்ந்துகொண்டாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் புத்தகம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. மனம் விட்டுப்போகும் நாளில் அதை எடுத்து, என் பக்கத்திலிருந்தே வாசிக்கிறேன். அந்த அம்மா சோறு போடும் வரைக்கும் மூடுவதில்லை.