புரோட்டானை வெயிலில் காயவைத்தவன்

படித்துப் பட்டம் வாங்க வருஷக்கணக்கில் ஆகும். முட்டாள் பட்டத்துக்கு ஒரு மொட்டை மாடியும் நல்ல வெயிலும் போதும். நான் இரண்டாவதை ஒரே காலையில் வாங்கினேன்.

அப்போது திருப்பதியில் ஆராய்ச்சி மாணவன். எரிபொருள் கலத்துக்காக, கார்பனை அமிலத்தில் ஊறவைத்து, கரைத்து, தட்டில் ஊற்றி, மெல்லிய கறுப்புத் தகடாக உரித்தெடுப்பது என் வேலை. ஒரு பக்கம் ஹைட்ரஜனை விட்டால் அதன் புரோட்டான்கள் தகட்டுக்குள் புகுந்து மறுபக்கம் போகும், மின்சாரம் வரும். ஆனால் தகட்டில் ஈரம் இருந்தால்தான் புரோட்டான் நகரும். (இதை என் அறிக்கையில் நானே எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன்.)

அன்று கொரியாவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். என் தகடு ஒரு குட்டி மின்விசிறியைச் சுற்றவைத்தால் அவருடைய ஆய்வகத்தில் எனக்கு இடம். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) புத்தூரிலிருந்து, நான் கொரியாவுக்குக் கொண்டுபோகப் புதுச் சக்கரப் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

காலையில் தகட்டைத் தொட்டேன். நசநசவென்று இருந்தது. எங்கள் வீட்டில் கோடைதோறும் மாம்பழச் சாற்றைத் தட்டில் ஊற்றிக் காயவைத்துத் தாண்ட்ரா போடுவோம். ஈரம் இருந்தால் பூஞ்சை. பூஞ்சை பிடித்தால் அம்மாவிடம் முதுகில் ஒன்று. பழகிய கை மூளையைக் கேட்கவில்லை. தகட்டை மாடியில் காயப்போட்டு, காக்கா வராமல் காவலும் இருந்தேன்.

பிறகு அதைக் கலத்தில் வைத்துத் திருகினேன். அப்பளம்போல 'படக்' என்றது. ஹைட்ரஜனை விட்டேன். விசிறி அசையவில்லை.

"ஏம் சேசாவ்ரா?" என்னடா செஞ்சே என்று என் கைடு பல்லைக் கடித்துக்கொண்டு தெலுங்கில் கேட்டார்.

"நல்லா காயவெச்சேன் சார். சொட்டு ஈரம் இல்ல!" என்றேன் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் சிவப்பு மை ஞாபகம் வந்தது.

வாசலில் நின்ற நைனா எட்டிப் பார்த்தார். "இன்னாடா, காத்தாடி சுத்தல? கரண்டு கட்டா?"

அந்த அறையில் அப்போது ஈரமாக இருந்தது என் கண் மட்டும்தான். கொரியாக்காரர் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போனார்.

இடம் குப்பம் என்ற ஊர்ப் பெண் ஒருத்திக்குக் கிடைத்தது. நான் இன்று சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் ஈரப்பதம் பரிசோதிக்கிறேன் (சிரிக்க வேண்டாம்). விமானம் ஏறாத அந்தப் பெட்டியில் அம்மா தாண்ட்ரா அடுக்கி வைக்கிறாள். விருந்தாளி யார் வந்தாலும் நைனா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"அந்தக் கொரியா பெட்டிலேர்ந்து ரெண்டு துண்டு எட்தாம்மே! நீங்க பயப்படாம துன்னுங்க, எம்புள்ள காயவெச்சது."